முதல் செனோட்டே டைவுக்கு எந்த கைடு?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டாலஸில் இருக்கிறீர்கள். நவம்பர் கடைசியில் நான்கு நாள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெக்சிகோவில் கான்குன் போகிறீர்கள். அந்தமானில் ஸ்வராஜ் தீவில் ஓப்பன் வாட்டர் என்ற ஸ்கூபா முக்குளிப்பின் முதல்நிலைச் சான்றிதழ் வாங்கியவர், இதுவரை 14 டைவ், கடைசியாக நீரில் இறங்கிப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. ஒரே ஒரு நாள் செனோட்டேயில், அதாவது சுண்ணாம்புப் பாறை இடிந்து தண்ணீர் நிற்கும் இயற்கைக் கிணற்றில், கேவர்ன் டைவ் செய்துவிட்டு வர ஆசை. இரண்டு டைவ் கடைகளிடம் பேசியிருக்கிறீர்கள். முதல் கடை எதுவும் கேட்காமல் தேதியை உறுதி செய்துவிட்டது, ஆறு பேர் குழு, படங்களும் சேர்த்து ஒரே விலை. இரண்டாவது கடை 60 டாலர் அதிகம் கேட்கிறது, அதற்கு மேல் முந்தின நாள் ஒரு ரெஃப்ரெஷர் (பழகியதை நினைவுபடுத்தும் பயிற்சி டைவ்) செய்தால்தான் கூட்டிப் போவோம் என்கிறது. "எது நல்ல கடை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியை இரண்டு தரம் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. குகையைப் பற்றி ஒன்றும் தெரியாத நான், தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரை எப்படி எடை போடுவது? இதுதான் உங்கள் உண்மையான சந்தேகம். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான், பிற்பாடு மற்றவர்களை நீருக்குள் வழிநடத்தும் டைவ்மாஸ்டர் ஆகி, முழுக் குகைப் பயிற்சியும் முடித்து, கான்குனுக்குத் தெற்கே பிளாயா டெல் கார்மெனுக்கும் துலுமுக்கும் நடுவே உள்ள செனோட்டேகளில் ஆறு வருடம் ஆட்களைக் கூட்டிப் போனேன். இப்போது அந்த வேலையில் இல்லை, எந்தக் கடையோடும் எனக்குத் தொடர்பு கிடையாது. நீங்கள் சொன்ன இரண்டு கடைகளையும் எனக்குத் தெரியாது. அவர்கள் எழுதிய பதில்களை வைத்துத்தான் பேசுகிறேன், அந்த அளவுக்குத்தான் என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள்.

கேவர்ன் என்றால் என்ன என்பதில் பலருக்குக் குழப்பம். பழைய வீட்டு ரேழியை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் வழியாக வரும் வெளிச்சம் அங்கே வரைக்கும் எட்டும், திரும்பிப் பார்த்தால் தெரு தெரியும். அதுதான் கேவர்ன். ரேழியைத் தாண்டி இருட்டறைக்குள் காலை வைத்தால் அது குகை. தண்ணீருக்குள் இந்த இரண்டுக்கும் நடுவே கதவும் இல்லை, நிலைப்படியும் இல்லை, ஒரு கருப்புப் பலகை மட்டும் நிற்கும். மரணதேவன் படம் போட்டு, இதற்கு மேல் போகாதே, இங்கே பலர் இறந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். தோஸ் ஓஹோஸ் என்ற செனோட்டேக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். அங்கே நீங்கள் பார்க்கப்போவது ஒரு முன்கூடம்தான். அதற்குப் பின்னால் இருக்கும் குகை, சாக் அக்துன் என்ற இன்னொரு குகை அமைப்போடு இணைந்திருப்பதை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். அப்போது அளந்த மொத்த நீளம் 347 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சேலம் போகிற தூரம், அத்தனையும் தண்ணீருக்கடியில். தவறான திருப்பம் ஒன்று எங்கே கொண்டுபோய் விடும் என்பது இப்போது புரியும்.

அந்தமானில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? ஏதாவது கோளாறு என்றால் நிதானமாக மேலே போ. உங்கள் சான்றிதழின் பாதுகாப்பு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. கேவர்னில் மேலே சுண்ணாம்புப் பாறை. வெளியே வர வேண்டும் என்றால் முதலில் பக்கவாட்டில் நீந்த வேண்டும், அப்புறம்தான் மேலே. அதற்கான பயிற்சி உங்களிடம் இல்லை. இருந்தும் உங்களை உள்ளே விடுகிறார்கள் என்றால், உங்களிடம் இல்லாத பயிற்சியையும் கருவிகளையும் கைடு தன் உடம்பில் சுமந்துகொண்டு வருகிறார் என்ற நம்பிக்கையில்தான். பவளப்பாறையில் கைடு ஆமையைக் காட்டுகிறவர். இங்கே அவர்தான் உங்கள் வாசல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என்னுடைய முதல் கேவர்ன் டைவ். அப்போது எனக்கு இருபது டைவ்கூட ஆகவில்லை. அங்கே ஒரு கடை, பெயர் வேண்டாம், எங்கள் ஆறு பேரையும் ஒரே கைடோடு அனுப்பியது. அவர் முதுகில் எங்களைப் போலவே ஒற்றை சிலிண்டர். பத்து மீட்டர் ஆழம், கண்ணாடி மாதிரித் தண்ணீர், நான் சொக்கிப்போய் மேலே பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு முன்னால் போனவர் சைக்கிள் மிதிப்பது போல் காலை உதைத்துக்கொண்டிருந்தார். தூர் வாரும்போது கிணற்றில் சேறு கிளம்புமே, அதே மாதிரி அடியில் இருந்த வண்டல் கிளம்பியது. முதலில் அவருடைய துடுப்பு மறைந்தது, அப்புறம் வெளியே போக வழிகாட்டக் கட்டியிருந்த கயிறு மறைந்தது, அப்புறம் நீட்டிய என் கையே பாதி தெரியவில்லை. ஒரு பாறை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடம் இருக்கும். என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வண்டல் கொஞ்சம் விலகியதும் பார்த்தால் கயிறு என் முட்டிக்குக் கீழே, கை நீட்டும் தூரத்தில் கிடந்தது. வெளியே வந்ததும் கைடு கட்டைவிரலை ஆட்டி "அழகா இருந்ததா?" என்று கேட்டார். நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. வண்டலைவிட எனக்குப் பயம் தந்தது அதுதான். ஆறாவது ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்க்க அவரால் முடியவில்லை, ஆறு பேரை ஒருவர் பார்க்கவும் முடியாது.

சரி, இனி உறுதியாகச் சொல்லக்கூடியவை. அந்தக் கரையோரத்தில் பொறுப்பான கைடுகள் எல்லோரும் ஒப்புக்கொள்கிற வரம்புகள் இருக்கின்றன, இவற்றில் யாரோடும் பேரம் பேசாதீர்கள். ஒரு கைடுக்கு அதிகபட்சம் நான்கு பேர். இயற்கை வெளிச்சம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். அது நுழைந்த வாயிலின் வெளிச்சமாகவே இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொரு திறப்பாகவும் இருக்கலாம். காற்று கிடைக்கும் இடத்திலிருந்து சுமார் 60 மீட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது, சில பயிற்சி நிறுவனங்கள் ஆழத்தையும் சேர்த்து 40 மீட்டர் என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கின்றன. ஆழம் 21 மீட்டருக்குள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நீந்த முடியாத இடுக்குகளுக்குள் நுழையக்கூடாது. வெளியே திறந்த தண்ணீர் வரைக்கும் அறுபடாத கயிறு, நீங்கள் எப்போதும் அதன் அருகில். உங்கள் ஆறு பேர் கடை முதல் வரம்பிலேயே விழுந்துவிட்டது. படங்கள், விலை, அன்பான பேச்சு எதையும் நான் அதற்கு மேல் பார்க்க மாட்டேன்.

இவற்றோடு மூன்றில் ஒரு பங்கு விதி. இதை மட்டும் கணக்கோடு புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கைடைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 210 பார் இருக்கிறது என்று வையுங்கள். 70 உள்ளே போக, 70 வெளியே வர, மீதி 70 தொடக்கூடாது. ஆக மானி 140 காட்டும்போது திரும்ப வேண்டும். ஏன் மூன்றில் ஒன்று? உள்ளே மிகத் தொலைவான புள்ளியில் உங்கள் கூட்டாளியின் காற்று முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துப் பாருங்கள். உங்களிடம் 140 இருக்கிறது. வெளியே வர உங்களுக்கு 70, அவருக்கு 70. சரியாகத் தீர்ந்துவிடும். பதற்றத்தில் மூச்சு வேகமாகும் என்பதை இந்தக் கணக்கு சேர்க்கவே இல்லை, அதனால்தான் நல்ல கைடுகள் இன்னும் முன்னதாகவே திரும்பிவிடுவார்கள். அங்கே பல மானிகள் பி.எஸ்.ஐ. என்ற வேறு அழுத்த அலகில் இருக்கும், 3000 இருந்தால் 2000இல் திரும்புவது. குழுவில் யார் முதலில் அந்த எண்ணைத் தொடுகிறாரோ அவருக்காக எல்லோரும் திரும்ப வேண்டும். நான்கு பேரில் அதிகம் மூச்சு வாங்குகிறவர் நீங்களாக இருந்தால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். புதிதாக வருகிறவர்களில் அந்த மறைத்தல் எவ்வளவு சகஜம் என்பது அவர்களைக் கூட்டிப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த விதிகள் யாரோ மேசையில் உட்கார்ந்து எழுதியவை இல்லை. ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர் 1970களில் குகைகளில் இறந்தவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக அலசினார். கயிறு இல்லாமல் போனது, திரும்பி வரப் போதுமான காற்று வைக்காதது, அளவுக்கு மீறி ஆழம் போனது, திரும்பத் திரும்ப இவைதான் வந்தன. பயிற்சி இல்லாததும் விளக்குகள் போதாததும் பிற்பாடு அந்தப் பட்டியலில் சேர்ந்தன. எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சகத்தோன் என்ற மிக ஆழமான நீர்க்குழியில் இறந்தார். அனுபவம் ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம்.

கைடின் உடம்பைப் பாருங்கள், பேச்சைவிட அது வேகமாகச் சொல்லிவிடும். அவரிடம் இரண்டு சிலிண்டர்கள் இருக்க வேண்டும், முதுகில் இரட்டையாகவோ இரண்டு விலாப்பக்கமும் தொங்கியோ. தனித்தனியாக இயங்கும் இரண்டு ரெகுலேட்டர்கள், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவிகள். அதில் ஒன்றின் குழாய் நீளமாக, சுமார் இரண்டு மீட்டர், இருந்தால் நல்லது. உங்களுக்குக் காற்று கொடுத்துக்கொண்டே ஒருவர் பின்னால் ஒருவராக நீந்தி வெளியே வர அதுதான் வசதி. குறைந்தது மூன்று விளக்குகள், கயிறு சுற்றிய ஒரு ரீல், கயிறு வெட்டும் சிறு கத்தி. உங்களுக்கும் ஒரு டார்ச் தர வேண்டும், இரண்டு தந்தால் இன்னும் நல்லது. உங்களைப் போலவே ஒற்றை சிலிண்டரோடு, ரீல் இல்லாமல் ஒருவர் வந்து நின்றால், அவர் எத்தனை வருடம் இதைச் செய்தவராக இருந்தாலும் நீங்கள் இறங்க வேண்டாம். வண்டியில் வந்த தூரமும் கொடுத்த முன்பணமும் மனதை இழுக்கும். போனால் போகட்டும்.

கடையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி நேரம் செலவாகிறது, ஆனால் உங்களோடு தண்ணீரில் இறங்கப்போவது கடை இல்லையே. சீசனில் பல கடைகள் அன்றைக்கு யார் கிடைக்கிறாரோ அவரை அமர்த்தி அனுப்பும். அதில் தவறில்லை, அங்கே உள்ள மிக நல்ல கைடுகளில் பலர் அப்படித் தனியாக வேலை செய்கிறவர்கள்தான், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்த நபரின் பெயர் உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அவர் நடப்பில் உள்ள டைவ்மாஸ்டரோ பயிற்றுநரோவாக இருக்க வேண்டும், அதற்கு மேல் முழுக் குகைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கேவர்ன் பயிற்சி மட்டும் போதாது. ஏன் என்றால், குழுவில் ஒருவர் வழி தவறி இருட்டுப் பகுதிக்குள் போய்விட்டால் தேடிப் போகத் தெரிந்தவர் வேண்டும். அவருடைய சான்றிதழ் அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பது அவமரியாதை ஆகாது. என்னிடம் கேட்டவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

அங்கே எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கும். எழுதிக் கேளுங்கள்: என்னோடு இறங்குகிறவர் யார், அவருடைய குகைப் பயிற்சி என்ன, குழுவில் எத்தனை பேர், மற்றவர்களின் அனுபவம் என்ன, எந்தக் கணக்கில் திரும்புவீர்கள், நான் கட்டைவிரலை மேலே காட்டினால் (நீருக்குள் அதற்கு டைவை முடிப்போம் என்று அர்த்தம்) என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றுதான். எல்லோரும் திரும்பி வெளியே வருவோம், காரணம் கேட்க மாட்டோம். குகை முக்குளிப்பில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், என்ன காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும் டைவை முடிக்கலாம். "என்னாச்சு என்று பார்த்து உங்களைச் சமாதானப்படுத்துவேன்" என்று ஒருவர் எழுதினால் நல்ல மனசு இருக்கலாம், ஆனால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை அதைவிடக் கூர்ந்து கவனியுங்கள். எத்தனை டைவ், கடைசி எப்போது, எங்கே, மிதவை (மூழ்காமலும் மேலே எழும்பாமலும் அந்தரத்தில் நிற்பது) எப்படி, சைனஸ் தொல்லை உண்டா, இடுங்கிய இடத்தில் பயம் உண்டா. இதில் ஒன்றையும் கேட்காமல் "பிரச்சினை இல்லை, வாங்க" என்று சொல்கிற கடை எல்லோரையும் உள்ளே விடுகிறது என்று அர்த்தம். அந்த எல்லோரும்தான் அன்றைக்கு உங்களுக்கு முன்னால் காலை உதைத்துக்கொண்டு போகப்போகிறவர்கள். உங்களிடம் ரெஃப்ரெஷர் கேட்டதை நீங்கள் பணம் பிடுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பதினோரு மாத இடைவெளியோடு ஒருவர் வந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டாவது கடை உங்களை இழக்கத் தயாராக இருக்கிறது. முடியாது என்று சொல்லத் தெரிந்த ஆள் கரையிலேயே சொல்லிவிடுகிறார், அந்தப் பழக்கம் உள்ளேயும் அவரிடம் இருக்கும்.

14 டைவ் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு பகல் வெளிச்சத்தில் கைடோடு போகிற கேவர்ன் டைவுக்கு அங்கே பொதுவாக அனுமதி உண்டு. ஆனால் எண்ணை வைத்து என்னால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. நூறு டைவ் முடித்து, தரையில் முட்டி போட்டு எழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு டைவோடு வந்த ஒரு அம்மா ஒரு துளி வண்டல் கிளப்பாமல் தவளைபோல் காலை மடக்கி நீந்தியதையும் பார்த்திருக்கிறேன். உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி: ஐந்து மீட்டரில், எதையும் பிடிக்காமல், கையை ஆட்டாமல், இரண்டு நிமிடம் அந்தரத்தில் நின்று, அந்த நிலையிலேயே முகமூடிக்குள் பாதித் தண்ணீர் விட்டு வெளியேற்ற முடிகிறதா? முடிந்தால் போகலாம். முட்டி போட்டால்தான் முடிகிறது என்றால் ரெஃப்ரெஷரை இரண்டாக்கிக்கொள்ளுங்கள். மூழ்குவதற்காக உடம்பில் கட்டும் ஈய எடையையும் மறக்காதீர்கள். செனோட்டேயில் நன்னீர், கடலைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி குறைவு. அந்தமானில் கட்டிய எடையையே கட்டினால் உங்களுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ அதிகம் ஆகிவிடும். அதிக எடை கட்டியவர்களின் கால் தாழும், கால் தாழ்ந்தால் வண்டல். தண்ணீர் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், ஐந்து மில்லிமீட்டர் உடை தருவார்கள், அந்தத் தடிமனுக்கு எடை கொஞ்சம் கூடும். இரண்டையும் சேர்த்துக் கரையோரத்தில் நிதானமாகச் சரிபார்க்கிற கைடு, எதையோ கட்டிவிட்டு இறங்கச் சொல்கிறவரைவிட எவ்வளவோ மேல்.

எந்தச் செனோட்டே என்பதும் கைடைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் அனுபவத்துக்கு தோஸ் ஓஹோஸ் பொருத்தம். இரண்டு சுற்றுகள், ஆழம் பத்து மீட்டருக்குப் பக்கம்தான், அகலமான வழிகள், அதில் ஒன்றில் வௌவால் குகை என்கிற காற்றுக் கூடத்தில் தலையை வெளியே எடுக்கலாம். போந்தெரோசா என்றும் ஹார்தின் தெல் எதேன் என்றும் சொல்கிற இடத்தில் பெரிய திறந்த குளம் இருக்கிறது, மிதவை பழகிவிட்டு உள்ளே போக வசதி. காசா செனோட்டே பெரும்பாலும் திறந்தவெளி, ஆழம் குறைவு, அலையாத்தி வேர்களுக்கு நடுவே ரெஃப்ரெஷருக்கே ஏற்றது. சாக் மோல் கொஞ்சம் அடுத்த படி. அங்கே நன்னீரும் கீழே கிடக்கும் உப்பு நீரும் சந்திக்கிற அடுக்கு வரும், எண்ணெயும் தண்ணீரும் கலந்தது போல் கண்ணுக்கு முன்னால் எல்லாம் குழம்பித் தெரியும். முன்னால் போகிறவர் கலக்கிவிட்ட பாதையிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் விலகி நீந்தினால் தெளியும். இதைக் கரையிலேயே சொல்லிவைக்கிற கைடோடு போனால் அது ஒரு அதிசயம், சொல்லாதவரோடு போனால் அது பயம். முதல் நாளே எல் பித், அங்கேலித்தா என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே எல்லோரும் பார்க்கப் போகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேகம் சுமார் 30 மீட்டரில் கிடக்கிறது. உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்கு.

படம் எடுப்பதில் என் கருத்து கொஞ்சம் கறார். உங்களை வழிநடத்துகிறவர் கையில் கேமரா இருக்கக்கூடாது. ஒளிக்கற்றையில் உங்களை நிறுத்தி, ஃபோகஸ் பார்த்து, ஃப்ளாஷைத் திருப்புகிற அந்த இருபது வினாடியில் மற்ற மூவரின் மானியை யார் பார்ப்பது? படம் வேண்டும் என்றால் தனியாக ஒரு படப்பிடிப்பாளர் வரட்டும், அவரும் குகைப் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். உங்கள் கோப்ரோவை முதல் தடவை அறையிலேயே வைத்துவிடுங்கள். அந்தக் கை டார்ச்சுக்கும் கயிற்றுக்கும் வேண்டும். இன்னொன்று, நவம்பரில் சூரியன் சாய்வாக வரும், கோடையில் எடுத்த படங்களில் தெரியும் அந்தத் தடித்த ஒளித்தூண்கள் அதே அளவுக்குக் கிடைக்காது. பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் இறங்குகிற மாதிரிக் கேளுங்கள். அழகுக்காக மட்டும் இல்லை, இயற்கை வெளிச்சம்தான் கேவர்னின் எல்லையே என்பதால் மாலை ஆக ஆக அந்த எல்லையும் சுருங்கிவிடும்.

எனக்கு உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விலை நம்பத்தக்க அடையாளமா? ஒரு பக்கம் மட்டும். மிக மலிவு என்றால் ஏதோ ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் கைடுகளின் எண்ணிக்கையை. அதிக விலை என்பதால் மட்டும் நல்லது என்று சொல்ல முடியாது. இணையத்தில் வரும் ஐந்து நட்சத்திரங்களை நான் அதிகம் நம்புவதில்லை. என் முதல் கைடுக்கும் அன்று என்னோடு வந்தவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள், நன்றாக நடந்த டைவுக்கும் அதிர்ஷ்டத்தால் தப்பித்த டைவுக்கும் வித்தியாசம் புதியவர் கண்ணுக்குத் தெரியாது. விமர்சனங்களில் "எங்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்", "உள்ளே விடவில்லை" என்று எரிச்சலோடு எழுதியவை இருந்தால் அவற்றைத் தேடிப் படியுங்கள், எனக்கு அவைதான் பயன்பட்டிருக்கின்றன. எத்தனை வருட அனுபவம் என்பதும் இரண்டு பக்கமும் வெட்டும். பதினைந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே விதிகளைத் தளர்த்திக்கொண்டவர்கள் உண்டு. மொழியில் மட்டும் சமரசம் வேண்டாம், அவர் சொல்லும் விளக்கம் ஒரு வார்த்தை விடாமல் உங்களுக்குப் புரிய வேண்டும். உடல்நிலை, மருந்து சம்பந்தமான எதற்கும் நான் பதில் சொல்லத் தகுதியானவன் இல்லை, டைவிங் தெரிந்த மருத்துவரிடம் போங்கள்.

அன்று காலையில் பார்க்க வேண்டியது ஒன்று. நல்ல கைடு தண்ணீருக்கு வெளியே நேரம் எடுத்துக்கொள்வார். மர மேசையில் எல்லோருடைய சாமானையும் பரப்பி, ஒவ்வொரு ரெகுலேட்டரையும் தானே இரண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பார். மணலில் குச்சியால் குகையின் வரைபடம் போடுவார். டார்ச் வெளிச்சத்தால் வட்டம் போட்டால் சரி, மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டினால் இங்கே பார், வேகமாக ஆட்டினால் ஆபத்து என்று செய்தே காட்டி உங்களையும் செய்ய வைப்பார். தண்ணீரில் இறங்கியதும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக் குமிழி கசிகிறதா என்று சோதிக்க வைப்பார். எனக்குப் பயிற்சி கொடுத்தவரோடு ஒருநாள் போனபோது நான்கு பேரும் முழுக்கத் தயாராகி மிதந்துகொண்டிருந்தோம், ஒருவருடைய குழாய் இணைப்பில் ஊசிமுனை அளவுக்குக் குமிழி வந்தது. கடலில் அதோடு இறங்கியிருப்போம். அவர் ஒன்றும் பேசாமல் எல்லோரையும் படியேறச் சொன்னார், முப்பது கிலோ சாமானோடு, ரப்பர் வளையத்தை மாற்றி, மறுபடியும் இறங்கினோம். நாற்பது நிமிடம் போயிற்று. யாருக்கும் முகம் சுளிக்கத் தோன்றவில்லை. உள்ளே போகும்போது நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அவர் டார்ச் பின்பக்கம் திரும்பி எங்கள் நால்வரின் விளக்குகளையும் எண்ணிவிட்டுப் போகும்.

ஃப்ளோரிடா அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பதால் அங்கே போகலாமா என்று ஒருவர் உங்களுக்குப் பதில் எழுதியிருந்தார். அங்கே நடைமுறை வேறு. ஜின்னி ஸ்பிரிங்ஸில் பால்ரூம் என்ற கேவர்னில் குகைக்குள் போகும் வழியை இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே ஓப்பன் வாட்டர் ஆட்கள் விளக்கோடு இறங்கலாம். அதே இடத்தின் மற்றக் குகைவாய்களில் குகைப் பயிற்சி இல்லாதவர்கள் விளக்கு வைத்திருக்கவே கூடாது, விளக்கு இருந்தால் உள்ளே போகத் தோன்றும் என்பதால். நான் எழுதியது எல்லாம் மெக்சிகோவை வைத்து.

நாள் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வியாழன் காலை இறங்கி ஞாயிறு மதியம் விமானம் ஏறுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வியாழன் ஓய்வு, வெள்ளி காலை காசா செனோட்டேயிலோ கடலிலோ ரெஃப்ரெஷர், சனி காலை கேவர்ன், மதியம் ஒரு மணிக்குள் இரண்டாவது டைவை முடித்து வெளியே. இரண்டு நாள் தொடர்ந்து டைவ் செய்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இப்படி வைத்தால் கிட்டத்தட்ட 24 மணி நேரமே கிடைக்கும். காலையில் சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் பூச வேண்டாம், இறங்குமுன் குளிக்கச் சொல்வார்கள். நுழைவுக் கட்டணத்துக்குக் கையில் பெசோ வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கார்டு வாங்க மாட்டார்கள். இரண்டாவது கடைக்கு இன்றே எழுதி, சனிக்கிழமை உங்களோடு இறங்குகிறவரின் பெயரைக் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.